வங்கியின் காலாண்டு முடிவுகளுக்குப் பின்னால் உள்ள கணக்கியல் கொள்கைகளைப் படிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒரு வங்கி காலாண்டு முடிவை வெளியிட்டதும் பெரும்பாலோரின் கண் நிகர லாபத்தின் மீதும் வாராக்கடன் விகிதத்தின் மீதும்தான் விழுகிறது. அந்த இரண்டு எண்களுமே வங்கி எந்தக் கணக்கியல் கொள்கையைப் பின்பற்றுகிறது, அந்தக் காலாண்டில் எவற்றை மதிப்பிட்டுக் கணக்கில் ஏற்றியது என்பவற்றைப் பொறுத்து அமைபவை. ஆகவே கொள்கைகளை முதலில் படித்து, பிறகு எண்களுக்கு வருவதே சரியான வரிசை. லாபம் கூடியிருக்கிறது என்று முதலிலேயே மனத்தில் பதிந்துவிட்டால், அதன் பிறகு படிக்கும் ஒவ்வொரு குறிப்பும் அந்த முடிவுக்குச் சான்று தேடும் வேலையாகிவிடுகிறது. புதிதாகப் பழகுபவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட இந்திய வணிக வங்கிகளின் காலாண்டு முடிவுகளைப் படிக்க வேண்டியுள்ள சிஏ பயிற்சி மாணவர்களுக்கும், முதலீட்டு முடிவைத் தாமே எடுக்க விரும்புபவர்களுக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வங்கியின் கடைசி ஆண்டறிக்கை, படிக்கப்போகும் காலாண்டு முடிவின் முழு ஆவணம், அதற்கு முந்தைய நான்கு காலாண்டுகளின் முடிவுகள், தணிக்கையாளரின் மீளாய்வு அறிக்கை ஆகியவை வேண்டும். முடிவுகள் என்எஸ்இ, பிஎஸ்இ தளங்களிலும் வங்கியின் தளத்திலும் கிடைக்கும். செய்தித்தாளில் வரும் சுருக்க விளம்பரம் போதாது; கொள்கை மாற்றத்தைச் சொல்லும் குறிப்புகள் பெரும்பாலும் அதில் முழுமையாக இடம்பெறுவதில்லை.

முதலீட்டாளர்களுக்கென வங்கி தயாரிக்கும் விளக்கப் படக்காட்சியை இப்போது திறக்க வேண்டாம். எந்த எண்ணை முன்னிறுத்துவது என்று நிர்வாகம் தேர்ந்தெடுத்த ஆவணம் அது. குறிப்புகளைப் படித்து முடித்த பிறகே அது பயன்படும்.

செபியின் 2015-ஆம் ஆண்டுப் பட்டியலிடல் விதிமுறைகளில் 33-ஆவது விதியின்படி, காலாண்டு முடிந்த 45 நாட்களுக்குள் முடிவையும், நிதியாண்டு முடிந்த 60 நாட்களுக்குள் தணிக்கை செய்யப்பட்ட ஆண்டு முடிவையும் வெளியிட வேண்டும். சொத்து, பொறுப்புகளின் நிலையும் பணப்பாய்வு அறிக்கையும் அரையாண்டுக்கு ஒருமுறைதான் கட்டாயம். எனவே ஜூன், டிசம்பர் காலாண்டுகளில் முழு இருப்புநிலைக் குறிப்பு இல்லாதிருப்பதைக் குறையாகக் கருதிக் குழம்ப வேண்டியதில்லை.

2. ஆண்டறிக்கையின் 17-ஆவது அட்டவணையிலிருந்து தொடங்குங்கள்

வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், 1949-இன் மூன்றாம் அட்டவணை தரும் படிவத்தில்தான் வங்கிகளின் இருப்புநிலைக் குறிப்பும் இலாப நட்டக் கணக்கும் அமைகின்றன. அவற்றுடன் இணையும் அட்டவணைகளில் 17-ஆவது முக்கியக் கணக்கியல் கொள்கைகள். 18-ஆவது கணக்குகளுக்கான குறிப்புகள். காலாண்டு முடிவில் கொள்கைகள் முழுமையாக அச்சிடப்படுவதில்லை. “முந்தைய ஆண்டு நிதிநிலை அறிக்கையில் பின்பற்றிய அதே கொள்கைகள்” என்ற ஒரு வரியோடு அது முடிந்துவிடும். அந்த வரி சுட்டும் இடம் இந்த 17-ஆவது அட்டவணைதான்.

அதைப் படிக்கும்போது ஒவ்வொரு கொள்கைக்கும் ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள். வட்டி வருவாயை எப்போது சேர்க்கிறது? வாராக்கடனில் ஒரு தொகை வசூலானால் அதை முதலில் அசலில் வரவு வைக்கிறதா, வட்டியில் வரவு வைக்கிறதா? வங்கி உத்தரவாதத்துக்கு வாங்கும் கமிஷனை உடனே வருவாயாகக் காட்டுகிறதா, உத்தரவாதக் காலம் முழுவதும் பரப்புகிறதா? முன்பே கணக்கிலிருந்து நீக்கிய கடனில் வசூலாவது இதர வருவாயில் போகிறதா, ஒதுக்கீட்டில் (வரக்கூடிய இழப்புக்காக லாபத்திலிருந்து எடுத்துவைக்கும் தொகையில்) கழிகிறதா? இவற்றில் சில வங்கிக்கு வங்கி வேறுபடுபவை. இரண்டு வங்கிகளை ஒப்பிடும்போது எண் வேறுபடுவதற்குக் காரணம் வியாபாரமா, கொள்கையா என்பதை இந்தக் கேள்விகள்தாம் பிரித்துக் காட்டும்.

இங்கே வரும் பொதுவான பிழை ஒன்று உண்டு. வங்கிகளும் வங்கியல்லாத நிதி நிறுவனங்களும் ஒரே கணக்கியல் அடிப்படையில் இயங்குவதாகப் பலர் கருதுகிறார்கள். ஓரளவு பெரிய நிதி நிறுவனங்கள் இந்த்-ஏஎஸ் (சர்வதேசத் தரநிலைகளை ஒட்டிய இந்தியக் கணக்கியல் தரநிலைகள்) முறைப்படி, கடன் கெடும் முன்பே எதிர்பார்க்கப்படும் கடன் இழப்பைக் கணக்கிட்டு ஒதுக்குகின்றன. வங்கிகளுக்கு இந்த்-ஏஎஸ் நடைமுறையை ரிசர்வ் வங்கி 2019 மார்ச்சில் மறு அறிவிப்பு வரும்வரை தள்ளிவைத்ததால், பழைய ஏஎஸ் தரநிலைகளும் ரிசர்வ் வங்கியின் சொத்து வகைப்பாட்டு விதிகளுமே அவற்றின் அடிப்படையாக நீடித்தன. இரு தரப்பின் ஒதுக்கீட்டு விகிதங்களையும் நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பது பொருந்தாது.

3. காலாண்டுக் குறிப்பில் கொள்கை பற்றிய வரியைச் சொல் சொல்லாகப் படியுங்கள்

இடைக்கால அறிக்கைக்கான தரநிலை ஏஎஸ் 25. அதன் மையக் கருத்து எளியது: ஆண்டு அறிக்கையில் பின்பற்றும் கொள்கையையே இடைக்காலத்திலும் பின்பற்ற வேண்டும், ஆண்டுக்கு எத்தனை முறை அறிக்கை தருகிறோம் என்பது ஆண்டின் இறுதி முடிவைப் பாதிக்கக் கூடாது. அதனால் அளவீடு ஆண்டுத் தொடக்கத்திலிருந்து அன்றுவரையிலான கணக்காகவே நடைபெறும். ஆண்டு இறுதியில் முன்கூட்டியோ தள்ளியோ காட்ட முடியாத வருவாயையும் செலவையும் காலாண்டிலும் அப்படிக் காட்ட முடியாது.

குறிப்பில் “அதே கொள்கைகள்” என்பதற்குப் பின் “கீழ்க்கண்டவை தவிர” என்ற தொடர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் காலாண்டில் நீங்கள் தேடும் விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இல்லாவிட்டால் முந்தைய காலாண்டின் குறிப்பை எடுத்துப் பத்தி பத்தியாக ஒப்பிடுங்கள். புதிதாகச் சேர்ந்த குறிப்பைப் போலவே, சத்தமின்றிக் காணாமல்போன குறிப்பும் கவனிக்கத்தக்கது. சென்ற காலாண்டில் குறிப்பிட்ட ஒரு கூடுதல் ஒதுக்கீடு இப்போது பேச்சில் இல்லையென்றால், அது பயன்படுத்தப்பட்டதா, திருப்பி எழுதப்பட்டதா என்று தேட வேண்டும்.

4. கொள்கை மாற்றம், மதிப்பீட்டு மாற்றம் இரண்டையும் பிரியுங்கள்

இந்தப் படியில் தவறினால் பின்னால் வரும் எல்லாமே தவறும். ஏஎஸ் 5 இரண்டையும் தனித்தனியாக நடத்துகிறது. கொள்கை மாற்றம் என்பது அளக்கும் முறையே மாறுவது. மதிப்பீட்டு மாற்றம் என்பது அதே முறையில் புதிய தகவல் கிடைத்ததால் தொகை மாறுவது. ஆண்டின் நடுவே கொள்கை மாறினால், வேறு இடைநிலை ஏற்பாடு விதிக்கப்படாத நிலையில், அதே நிதியாண்டின் முந்தைய காலாண்டுகளைத் திருத்திக் காட்ட வேண்டும் என்கிறது ஏஎஸ் 25. மதிப்பீடு மாறினால் பழைய எண்கள் திருத்தப்படா. விளைவு நடப்புக் காலாண்டிலும், பொருந்துமானால் பின்வரும் காலங்களிலும் விழும்.

ஊதிய ஒப்பந்தம் மதிப்பீட்டு மாற்றத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. வங்கி ஊழியர்களின் 12-ஆவது இருதரப்பு ஒப்பந்தம் 2022 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வருவதாக அமைந்தாலும், அது கையெழுத்தானது 2024 மார்ச் 8 அன்று. இடைப்பட்ட காலாண்டுகளில் வங்கிகள் உத்தேசமான ஒரு சதவீதத்தை வைத்தே ஊதிய உயர்வுக்கு ஒதுக்க வேண்டியிருந்தது. ஒப்பந்தம் 17 சதவீதம் என்று முடிந்தபோது, குறைவாக ஒதுக்கிய வங்கிக்கு அந்தக் காலாண்டில் செலவு கூடியது. கூடுதலாக ஒதுக்கிய வங்கிக்குக் குறைந்தது. அந்த ஒரு காலாண்டின் ஊழியர் செலவை நான்கால் பெருக்கி ஆண்டுச் செலவு என்று கணித்தால் விடை தவறும்.

5. வட்டி வருவாயையும் வாராக்கடன் வகைப்பாட்டையும் சேர்த்தே படியுங்கள்

இந்த இரண்டும் தனித்தனித் தலைப்புகளில் இருந்தாலும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள். கடன் ஒழுங்காக இருக்கும்வரை வட்டி கைக்கு வராவிட்டாலும் அது வருவாயாகச் சேரும். கணக்கு வாராக்கடனானதும், அதுவரை வருவாயாகக் காட்டி வசூலாகாத வட்டி திருப்பி எழுதப்படும். அதன் பிறகு பணம் வந்தால்தான் வருவாய்.

நாட்களை எண்ணும் முறையை ரிசர்வ் வங்கி 2021 நவம்பர் 12 சுற்றறிக்கையில் தெளிவாக்கியது. தவணைக் கெடு 2021 மார்ச் 31 என்று வைத்துக்கொண்டால், அன்றைய நாள்முடிவுச் செயல்பாட்டுக்குள் பணம் வராவிட்டால் அன்றே அது நிலுவை. தொடர்ந்து வராவிட்டால் ஏப்ரல் 30 அன்று எஸ்எம்ஏ-1 (வாராக்கடனாகும் முன் வரும் எச்சரிக்கை வகை), மே 30 அன்று எஸ்எம்ஏ-2, ஜூன் 29 அன்று வாராக்கடன். காலாண்டு முடிவதற்கு ஒரு நாள் முன்பாக அது வாராக்கடன் பட்டியலில் சேர்ந்துவிடுவதைக் கவனியுங்கள். மார்ச் மாதம் தவறிய தவணை ஜூன் காலாண்டின் முடிவில் வெளிப்படுவது இப்படித்தான்.

கேஷ் கிரெடிட், ஓவர்டிராஃப்ட் கணக்குகளுக்குத் தவணை கிடையாது. அங்கே கேள்வி வேறு. நிலுவை, அனுமதித்த வரம்பையோ எடுக்கத்தக்க வரம்பையோ தொடர்ந்து 90 நாட்கள் தாண்டியிருந்தாலும், 90 நாட்கள் வரவே இல்லாதிருந்தாலும், வந்த வரவு அந்தக் காலத்து வட்டிக்கே போதாதிருந்தாலும் அது ஒழுங்கற்ற கணக்கு. குறுகிய காலப் பயிர்க் கடனுக்கு இரண்டு பருவங்கள், நீண்ட காலப் பயிருக்கு ஒரு பருவம் என்ற கணக்கு தனி. விவசாயக் கடன் மிகுந்த வங்கியில் சில காலாண்டுகளில் மட்டும் வாராக்கடன் கூடுவதற்கு இந்தப் பருவக் கணக்கும் காரணமாக இருக்கலாம்.

வகைப்பாடு கடனாளியை வைத்து நடக்கும், கடனை வைத்தல்ல. ஒருவருடைய மூன்று கடன்களில் ஒன்று கெட்டால் மூன்றும் வாராக்கடன். மீண்டும் நல்ல கணக்காக உயர்த்த, நிலுவையிலுள்ள அசலும் வட்டியும் முழுமையாக வந்தாக வேண்டும். ஒரு தவணையை மட்டும் கட்டி உயர்த்த முடியாது.

வகைப்பாட்டையே நீதிமன்ற ஆணை நிறுத்திவைத்த காலமும் உண்டு. 2020 ஆகஸ்ட் 31 வரை வாராக்கடனாக அறிவிக்கப்படாத கணக்குகளை மறு உத்தரவு வரும்வரை அப்படி அறிவிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 செப்டம்பர் 3 அன்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. 2021 மார்ச் 23 தீர்ப்பில்தான் அது விலகியது. இடையில் வந்த செப்டம்பர், டிசம்பர் காலாண்டுகளில் அறிவிக்கப்பட்ட விகிதம் ஒன்று. ஆணை இல்லாதிருந்தால் இருந்திருக்கும் விகிதம் மற்றொன்று. வங்கிகள் அந்த இரண்டாவது எண்ணை முடிவுகளின் குறிப்பிலோ உடன் வந்த விளக்கங்களிலோ வெளியிட்டன. அட்டவணையில் இருந்த விகிதத்தை மட்டும் எடுத்து வரைபடம் போட்டவர்களுக்கு, அந்த இரு காலாண்டுகளில் கடன் தரம் திடீரென மேம்பட்டு மார்ச்சில் கெட்டதுபோலத் தோன்றும், நடந்தது அதுவல்ல.

6. ஒதுக்கீட்டை எண்ணால் கணக்கிட்டுப் பாருங்கள்

ஒதுக்கீடு கூடினால் புதிய கடன்கள் கெட்டுப்போயின என்று முடிவுகட்டுவதுதான் நான் மிக அடிக்கடி பார்க்கும் பிழை. ஒரு கடனை எடுத்துக் கடைசிவரை கணக்கிட்டால் இந்தப் பிழை வராது.

1 கோடி ரூபாய்க் கடன், ஆண்டு வட்டி 12 சதவீதம், மாதம் 1 லட்சம் வட்டி என்று கொள்வோம். நல்ல கணக்காக இருக்கும்போது பொதுவான விகிதம் 0.40 சதவீதம், அதாவது 40,000 ரூபாய். மூன்று மாத வட்டி வராமல் வாராக்கடனானால் 3 லட்சம் வட்டி வருவாயிலிருந்து கழியும். தரம் குறைந்த சொத்து என்ற வகையில் பிணையுள்ள கடனுக்கு 15 சதவீதம், அதாவது 15 லட்சம் ஒதுக்க வேண்டும். பிணையே இல்லாமல் கொடுத்த கடனானால் 25 சதவீதம்.

12 மாதங்கள் கழிந்ததும் அது சந்தேகத்துக்குரிய சொத்தாகிறது. பிணையின் மதிப்பு 60 லட்சம் என்றால், பிணை தாங்கும் பகுதிக்கு 25 சதவீதமாக 15 லட்சமும், பிணை தாங்காத 40 லட்சத்துக்கு முழுமையாக 40 லட்சமும் சேர்த்து 55 லட்சம் ஆகும். முந்தைய காலாண்டுவரை 15 லட்சம். இந்தக் காலாண்டில் 55 லட்சம். புதிதாக எந்தக் கடனும் கெடவில்லை; காலம் கடந்தது மட்டுமே காரணம். மேலும் ஓராண்டு கழிந்தால் பிணையுள்ள பகுதிக்கு 40 சதவீதம், அதற்கும் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 100 சதவீதம்.

இவையெல்லாம் குறைந்தபட்ச விகிதங்கள். பல வங்கிகள் தங்கள் கொள்கையில் இதைவிடக் கூடுதலாகவோ விரைவாகவோ ஒதுக்குகின்றன. 17-ஆவது அட்டவணையில் அதைச் சொல்லும் வாக்கியம் இருக்கும். அப்படிப்பட்ட வங்கி தன் கொள்கையைக் குறைந்தபட்ச விகிதத்துக்கு இறக்கிக்கொண்டால் அந்தக் காலாண்டின் லாபம் உயரும். அதனால்தான் நிகர வாராக்கடன் விகிதத்தை (ஒதுக்கீட்டைக் கழித்த பின் வரும் விகிதத்தை) பார்க்கும் முன் இந்த வாக்கியத்தைப் பாருங்கள் என்று வலியுறுத்துகிறேன்.

ரிசர்வ் வங்கி 2025 அக்டோபரில் வெளியிட்ட வரைவில், எதிர்பார்க்கப்படும் கடன் இழப்பு முறையை 2027 ஏப்ரல் 1 முதல் வங்கிகளுக்குக் கொண்டுவர முன்மொழிந்தது. அந்த முறை நடைமுறைக்கு வரும் காலாண்டில் மேற்கண்ட கணக்கு மாறும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒரே வரிசையில் வைக்கக் கூடாது.

7. முதலீடுகளில் 2024 ஏப்ரல் 1 என்ற கோட்டை வரைந்துகொள்ளுங்கள்

ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் வெளியிட்ட முதலீட்டு வழிகாட்டுதல்கள் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. முதலீடுகள் இப்போது முதிர்வுவரை வைத்திருப்பவை, விற்பனைக்கு வாய்ப்புள்ளவை, நியாய மதிப்பு மாற்றம் இலாப நட்டக் கணக்கில் சேர்பவை என மூன்று வகைப்படும். நடைமுறையில் இவற்றை எச்டிஎம், ஏஎஃப்எஸ், எஃப்விடிபிஎல் என்பார்கள்.

100 ரூபாய் முகமதிப்புள்ள அரசுக் கடன் பத்திரத்தின் சந்தை விலை 100-இலிருந்து 97-க்கு இறங்குகிறது என்று கொள்வோம். எச்டிஎம்-இல் இருந்தால் கணக்கில் எதுவும் மாறாது. ஏஎஃப்எஸ்-இல் இருந்தால் 3 ரூபாய் இறக்கம், வரி விளைவு நீங்கலாக, ஏஎஃப்எஸ் காப்பு நிதியில் போகும். லாபத்தைத் தொடாது, ஆனால் நிகர மதிப்பைக் குறைக்கும். எஃப்விடிபிஎல்-இல் இருந்தால் அதே காலாண்டின் லாபத்திலிருந்து 3 ரூபாய் கழியும். வட்டி விகிதம் ஒரே அளவில் மாறியும் இரண்டு வங்கிகளின் லாபம் வேறு வேறாக நகர்வதற்கு இந்தப் பிரிப்பே பெரிய காரணம்.

பழைய விதியில் ஏஎஃப்எஸ் வகையின் நிகர மதிப்பிறக்கம் இலாப நட்டக் கணக்கில் ஏறியது. நிகர மதிப்பேற்றம் கண்டுகொள்ளப்படவில்லை. புதிய விதிக்கு மாறியபோது எழுந்த வித்தியாசம் காப்பு நிதிகளில் நேரடியாகச் சரிசெய்யப்பட்டது. எனவே 2024 ஜூன் காலாண்டையும் 2023 ஜூன் காலாண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதலீட்டு லாபம் இத்தனை சதவீதம் வளர்ந்தது என்று எழுதினால், இரண்டு வெவ்வேறு அளவுகோல்களால் அளந்ததை ஒப்பிட்டதாகும். முந்தைய காலத்து எண்கள் ஒப்பிடத்தக்கவை அல்ல என்ற வரி குறிப்புகளில் இருக்கும். கண்ணில் பட்டும் கடந்துபோகிற வரி அது.

8. வரி

காலாண்டின் வரிச் செலவு, ஆண்டு முழுவதற்கும் எதிர்பார்க்கும் சராசரிப் பயனுறு விகிதத்தை வைத்து மதிப்பிடப்படும். சலுகை விகிதத்தைத் தேர்ந்த வங்கிகளுக்கு அது மேல்வரியும் தீர்வையும் சேர்த்து 25.168 சதவீதம். வரிச் செலவை வரிக்கு முந்தைய லாபத்தால் வகுத்துப் பாருங்கள். விடை இதிலிருந்து மிகவும் விலகினால் ஒத்திவைக்கப்பட்ட வரியில் (கணக்குக்கும் வரிக்கும் இடையிலான கால வேறுபாட்டால் பின்னர் கூடவோ குறையவோ செய்யும் வரியில்) ஏதோ நடந்திருக்கலாம். 2019 செப்டம்பரில் அந்தச் சலுகை விகிதம் அறிமுகமானபோது, அதைத் தேர்ந்த வங்கிகள் தங்கள் ஒத்திவைக்கப்பட்ட வரிச் சொத்தைக் குறைந்த விகிதத்தில் மறுமதிப்பிட நேர்ந்து, அந்த ஒரு காலாண்டில் வரிச் செலவு வழக்கத்தைவிட உயர்ந்தது.

9. தனி முடிவு எது, ஒருங்கிணைந்த முடிவு எது என்று பாருங்கள்

ஒருங்கிணைந்த முடிவில் காப்பீடு, வீட்டுக்கடன், பரஸ்பர நிதி மேலாண்மைத் துணை நிறுவனங்களும் சேரும். இந்த்-ஏஎஸ் பின்பற்றும் துணை நிறுவனங்களின் கணக்கு, வங்கியின் கொள்கைக்கு ஏற்ப மாற்றியமைக்கப்பட்ட பிறகே சேர்க்கப்படும். ஆகையால் துணை நிறுவனம் தனியாக வெளியிட்ட லாபமும் வங்கியின் அறிக்கையில் அதற்குரிய லாபமும் பொருந்தாமல் போகலாம். வாராக்கடன், மூலதன விகிதங்களுக்குத் தனி முடிவையே எடுங்கள்.

10. மார்ச் காலாண்டைத் தனியாக நடத்துங்கள்

மார்ச் காலாண்டின் எண்கள் நேரடியாகத் தணிக்கை செய்யப்பட்டவை அல்ல. தணிக்கையான முழு ஆண்டின் எண்ணிலிருந்து, டிசம்பர்வரை வெளியிட்ட ஒன்பது மாத எண்ணைக் கழித்து வரும் மீதி அது. ஆண்டு இறுதியில் தணிக்கையாளர் கேட்ட திருத்தங்கள், ஓய்வூதியப் பொறுப்பின் முழு மதிப்பீட்டுக் கணக்கீடு, பிணைகளின் புதிய மதிப்பீடு என ஆண்டு முழுவதற்கும் உரிய பலவும் அந்த மீதிக்குள் அடங்கிவிடும். மார்ச் காலாண்டை டிசம்பர் காலாண்டோடு ஒப்பிடும் வழக்கத்தை அதனால் நான் ஊக்குவிப்பதில்லை. முந்தைய ஆண்டு மார்ச்சோடு ஒப்பிட்டால், இரு பக்கமும் இத்தகைய மீதிகளாகவாவது இருக்கும்.

11. மீளாய்வு அறிக்கையை இறுதியில் படியுங்கள்

ஜூன், செப்டம்பர், டிசம்பர் காலாண்டுகளுக்குத் தணிக்கை அல்ல, எஸ்ஆர்இ 2410 தரநிலையின்படியான வரம்புக்குட்பட்ட மீளாய்வே நடைபெறுகிறது. நிர்வாகத்திடம் விசாரிப்பதும் எண்களைப் பகுத்தாய்வதுமே அதன் முக்கிய வழிகள். தணிக்கை தரும் அளவுக்கு உறுதியை அது தருவதில்லை. பொதுத்துறை வங்கிகளின் அறிக்கையில் எத்தனை கிளைகள் மீளாய்வு செய்யப்பட்டன, மற்றவற்றுக்கு எதை நம்பினார்கள் என்ற பத்தியைத் தேடிப் படியுங்கள்.

“கவனத்தை ஈர்க்கும் விடயம்” என்ற தலைப்பு இருந்தால், அது சுட்டும் குறிப்பின் எண்ணை எடுத்து மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். அந்தப் பத்தி தணிக்கையாளரின் முடிவை மாற்றுவதில்லை. ஆனால் எந்தக் கொள்கையிலோ மதிப்பீட்டிலோ அவர் நின்று யோசித்தார் என்பதைக் காட்டுகிறது.

12. பதிவுத்தாள்

ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு தாள் வைத்து, கொள்கை, கடைசியாக மாறிய காலாண்டு, மாற்றத்தின் வகை, தொகை, குறிப்பு எண் என்ற ஐந்து கட்டங்களை நிரப்புங்கள். தொகை சொல்லப்படாத மாற்றத்துக்கு அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். உத்தேசமாக ஓர் எண்ணை எழுதினால் அடுத்த ஆண்டு அதுவே உண்மையான எண்ணாகத் தோன்றும். காலியான கட்டங்களைத் திரட்டி, முடிவு வெளியானபின் நிர்வாகம் நடத்தும் தொலைபேசிக் கலந்துரையாடலின் எழுத்துப் பதிவில் விடை தேடுங்கள். அங்கும் கிடைக்காதவற்றை வங்கியின் முதலீட்டாளர் தொடர்புப் பிரிவுக்கு, குறிப்பு எண்ணையும் காலாண்டையும் சுட்டி எழுதிக் கேளுங்கள்.